ஷனேல் அம்மையாரின் கீர்த்தியும் களங்கமும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. ஆயினும் தறியும் மல்லிகையும் இங்கே அநேக குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அரும்புக்கோட்டை என்பதே அருப்புக்கோட்டை என மருவிற்று என்று கூறுவாருமுண்டு. துணியையும் பூவையும் நம்பி வாழும் நம்மவர்கள், அவ்விரண்டையும் கொண்டே உலகப் புகழ் எய்திய ஒரு மாதின் சரிதையை அறிந்திருத்தல் நன்று. பாரிஸ் நகரத்து ஷனேல் கம்பெனியை ஸ்தாபித்த கபிரியேல் ஷனேல் அம்மையாரையே குறிப்பிடுகிறோம்.

பிரஞ்சு தேசத்து ஸோமூர் என்னும் ஊரில் 1883-ம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி அவர் பிறந்தார். தந்தை ஊர் ஊராய்ச் சென்று சரக்கு விற்பவர். 1895-ல் தாயார் காலமானதும், அவர் தம் பெண்மக்களைக் கன்னிமாடத்து அநாதை விடுதியில் விட்டுப் போய்விட்டார். ஷனேல் வளர்ந்தபின் கூலிக்குத் தைத்தும், கேளிக்கை விடுதிகளில் பாடியும் ஜீவித்தார். 1910-ல் செல்வந்தரான சிநேகிதரின் உதவியால் பாரிஸில் தொப்பிக்கடை வைத்தார்.

அக்காலத்து ஐரோப்பிய ஸ்திரீகள் இடுப்பை இறுக்கும் கச்சையணிந்து மூச்சுத் திணறினர். ஆடவரின் உள்ளாடைக்கே பயன்பட்டு வந்த மலிவான ஜெர்ஸி துணியில் ஷனேல் இலகுவான உடைகளைத் தைப்பித்தார். பெண்களை அத்தளையினின்று விடுவித்தோரில் அவர் ஒருவர் என்பதை யாரும் மறுக்கவியலாது. 1921-ல் எர்னெஸ்ட் போ என்னும் நிபுணர், கிராஸ் வட்டாரத்து மல்லிகையோடு ரஸாயனச் சரக்குகளையும் கூட்டி, 'ஐந்தாம் நம்பர்' என்ற வாசனைத் திரவியத்தை அவருக்குச் செய்து கொடுத்தார். போலி முத்துமாலைகளையும் நாகரிகமாக்கிய அம்மையார், 1932-ல் வைர நகைகளையும் காட்சிக்கு வைத்தார்.

இனிச் சொல்வது கசப்பானது. 1936-ல் அவருடைய தையற்காரிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, ஒருகாலத்தில் தாமும் கூலிக்குத் தைத்தவர் முதலில் இணங்க மறுத்தார். வேறு வழியின்றியே பணிந்தார். 1939-ல் யுத்தம் மூண்டதும் உடைச்சாலைகளை மூடிவிட, ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். தேசம் ஹிட்லர் சேனையின் காலடியில் கிடக்கையில், அவர் ஒரு ஜெர்மானிய அதிகாரியுடன் நேசம் பூண்டு ரிட்ஸ் ஹோட்டலில் வசித்தார். 1924 முதல் வாசனைத் திரவியக் கம்பெனியில் பெரும்பங்கு வைத்திருந்த வெர்தைமர் சகோதரர்கள் யூதர்கள். யூதர்களின் சொத்தைப் பறிக்க இயற்றப்பட்ட சட்டங்களைக் காட்டி, அக்கம்பெனி தமக்கே உரியதென்று 1941-ல் அவர் மனுச் செய்தார். சகோதரர்கள் முன்கூட்டியே பங்குகளைப் பிறர் பெயருக்கு மாற்றியிருந்தமையால் அம்முயற்சி பலிக்கவில்லை.

1944-ல் பாரிஸ் விடுதலையடைந்ததும் அவரை விசாரித்து விட்டுவிட்டனர். ஸ்விட்ஸர்லாந்தில் சில ஆண்டுகள் கழித்து, 1954-ல் மீண்டும் தொழில் தொடங்கினார். அதற்குப் பண உதவி செய்தவர்கள் அதே வெர்தைமர் குடும்பத்தார்! 1971-ம் வருஷம் ஜனவரி 10-ந் தேதி அம்மையார் காலமானார். கம்பெனி இன்று அக்குடும்பத்தாருக்கே உரியது.

வறுமையில் பிறந்தவர் யாவரும் வறியோரிடம் இரக்கமுடையராவர் என்று எண்ணுவது பிழையென இச்சரிதை காட்டுகிறது. அவருடைய கைத்திறனைப் போற்றுவோம், அது மெய்யானது. ஆனால் ஊசி பிடித்த கைகளையும், நாடிழந்து ஓடிய மனிதரையும் அவர் நடத்திய விதம், அப்பெயரின் வாசனையால் மறைக்கப்படலாகாது. நெய்பவனும் பூப்பறிப்பவளும் உண்டு உடுத்தி வாழ்கிறார்களா என்பதைக் கொண்டே ஒரு தொழிலின் பெருமையை அளக்க வேண்டும் என்பது நமது துணிபு.