பிளேஸ் துரையும் பறவைகளின் ஏரியும்

வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றைக் கடந்து தெற்கு நோக்கிச் செல்வோர்க்கு வழியெங்கும் ஏரிகள் தென்படும். தொண்டை மண்டலத்தில் வற்றாத பேராறு இல்லை. பாலாறும் மழைக்காலத்தில் பெருகிப் பின்னர் மணற்பரப்பாய்க் கிடப்பது. எனவே, வடகிழக்குப் பருவமழை பொழியும் சில வாரங்களின் நீரைக் கரை கட்டித் தேக்கி வேளாண்மை செய்யும் முறையை இம்மண்ணின் முன்னோர் கண்டனர். ஓர் ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரியைச் சேரும். மேலுள்ள கரை உடைந்தால் கீழுள்ள ஊர்களும் துன்புறும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த ஏரிச்சங்கிலி பல இடங்களில் அறுந்து கிடந்தது. அதனைச் சீர்செய்ய முற்பட்டவர்களுள் முதன்மையானவர் லயனல் பிளேஸ். ஊர்வழக்கு அவரைக் கர்னல் என்று சொல்லும். உண்மையில் அவர் படைத்தலைவர் அல்லர். கிழக்கிந்தியக் கும்பினியின் வருவாய்த்துறை அலுவலர்.

ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜா, 1763இல் சென்னையைச் சூழ்ந்த இப்பகுதியைக் கும்பினிக்கு வழங்கினார். வாலாஜாபாத் என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அந்த நவாபை நினைவூட்டுகிறது. கும்பினியார் இந்நிலப்பகுதியை ஜாகீர் என்றனர். 1780இல் மைசூர்ப்படை இதன் வழியே பாய்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கும்பினிப்படை பெருந்தோல்வி கண்டது. வென்றவர் யாராயினும் அழிந்தவை ஊர்களே. உழவர் ஊரைவிட்டு அகன்றனர், நெசவாளர் தறிகளை விட்டு ஓடினர், கேட்பாரற்ற கரைகள் கரைந்தன, மதகுகள் தூர்ந்தன. பஞ்சமும் உடன் சேர்ந்துகொண்டது.

இத்தகைய நாட்டிற்குத்தான் 1794இல் பிளேஸ் ஆட்சியராக வந்தார். நான்கு ஆண்டுகளே அவர் அப்பதவியில் இருந்தார். வரி தண்டுவதே அவருடைய முதற்கடமை. ஆயினும் விளையாத நிலத்திலிருந்து வரி வாராது என்பதையும், நீர் தேங்காத நிலம் விளையாது என்பதையும் அவர் விரைவில் உணர்ந்தார். ஊர்தோறும் சென்று நிலத்தையும் நீரையும் உரிமைகளையும் விசாரித்தார். விளைச்சலைப் பங்கிடும்போது ஊர்ப்பணியாளர்க்கும் கோயிலுக்கும் ஏரி பராமரிப்புக்கும் மேரை என்னும் பங்குகள் ஒதுக்கும் பழைய முறை இங்கே இருந்தது. போருக்குப்பின் இம்முறை நலிந்தது; அதனோடு ஏரிகளும் நலிந்தன. கரைகளை உயர்த்தவும் மதகுகளைப் புதுக்கவும் பிளேஸ் கும்பினியின் பணத்தைச் செலவிட்டார். அகன்ற குடிகளை மீண்டும் அழைத்துக் குடியமர்த்த முயன்றார். தாம் அறிந்தவற்றை 1799இல் நீண்ட அறிக்கையாக எழுதி வருவாய் வாரியத்திற்கு அளித்தார். இப்பகுதியின் மிராசு உரிமையை ஆராய்வோர் இன்றும் அவ்வறிக்கையைத் தேடிப் படிக்கின்றனர்.

அவரை அருளாளராக மட்டும் காட்டுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. அவர் விதித்த தீர்வையைப் பூந்தமல்லிப் பகுதியின் மிராசுதாரர் ஏற்க மறுத்தபோது, அவர்களைக் காணியுரிமையிலிருந்து விலக்கி, அந்நிலங்களைப் பிறர்க்கு அளித்தார். மேலிடத்திற்கு அவர்மீது முறையீடுகள் சென்றன. தலைமுறைகளாக ஆண்ட காணியை ஓர் அதிகாரியின் ஆணையால் இழப்பது எத்தகைய துயரம் என்பதை உழவர்குடியில் பிறந்தோர் அறிவர்.

மதுராந்தகத்தில் அவர் பெயர் வேறுவகையில் நிலைத்தது. அவ்வூர்ப் பேரேரியின் கரை கனமழைக் காலங்களில் உடைந்து ஊரை அலைக்கழித்து வந்தது. தாயார் சன்னதி கட்டுவதற்கெனச் சேர்த்து வைத்திருந்த கற்களைக் கரைப்பணிக்குப் பயன்படுத்த பிளேஸ் எண்ணினாராம். கரையை இராமர் காப்பார் என்று ஊரார் கூறினர். கரை உடையாதிருந்தால் சன்னதியைத் தாமே கட்டித் தருவதாக அவர் வாக்களித்தார். பெருமழை பெய்த ஓர் இரவில் கரையைப் பார்க்கச் சென்றவரின் கண்ணுக்கு வில்லேந்திய இருவர் காவல் புரிவது தெரிந்ததாம். கரை பிழைத்தது, சன்னதி எழுந்தது. அங்கே பிளேஸின் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. ஏரி காத்த இராமர் என்று அழைக்கப்படும் இறைவனின் கதை இது. நம்புவோர் நம்புக. மழையிரவில் ஓர் ஆட்சியர் ஏரிக்கரைக்கு நடந்து சென்றார் என்னும் செய்தியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

மதுராந்தகத்தை அடுத்த கருங்குழி, அக்காலத்தில் ஆட்சியரின் இருப்பிடமாக விளங்கிற்று. அதற்கு மேற்கே சற்றுத் தொலைவில் உள்ளது வேடந்தாங்கல். அவ்வூர் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 74 ஏக்கர். மதுராந்தகத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. ஆயினும் நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில், மழைக்காலந்தோறும் கூழைக்கடாவும் நத்தைக்குத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் நீர்க்காகமும் வந்து கூடுகட்டும். பறவைகளின் எச்சம் நீரில் விழும். அந்நீர் மதகு வழியே வயலுக்குப் பாயும். வேறு எருவின்றியும் பயிர் செழிக்கும் என்பது அவ்வூரார் பட்டறிவால் கண்டது. எச்சத்திலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் ஆகிய சத்துகளே இதற்குக் காரணம் என்று இன்றைய அறிவியல் கூறுகிறது. ஆகவே பறவைக்கு ஊறு விளைந்தால் அது வயலுக்கு விளைந்த ஊறாகும்.

கும்பினியின் படைவீரர் சிலர் இப்பறவைகளைச் சுட்டு வேட்டையாடினர். ஊரார் அஞ்சி ஒதுங்கவில்லை. ஆட்சியரிடம் சென்று முறையிட்டனர். துப்பாக்கி ஏந்தியவர்க்கு எதிராக உழவர் சொல்லும் வழக்கு அக்காலத்தில் எளிதில் செல்லுபடியாகக் கூடியதன்று. எனினும் பிளேஸ் ஊரார் பக்கம் நின்றார். இங்கே பறவைகளை எவரும் கொல்லலாகாது என்று 1798இல் கவுல் வழங்கினார். கவுல் என்பது அரசு குடிகளுக்கு அளிக்கும் உறுதிப்பத்திரம். பறவைக் காப்பை அரசின் சலுகை என்று கொள்ளாமல் ஊரின் உரிமை என்று ஏற்றதில்தான் அதன் சிறப்பு உள்ளது. அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அமைந்தது 1872இல். அதற்கு 74 ஆண்டுகளுக்கு முன்பே இவ்வுறுதி பிறந்துவிட்டது. யெல்லோஸ்டோனிலோ, அங்கே வாழ்ந்த பழங்குடியினர் வெளியேற்றப்பட்டனர். வேடந்தாங்கலில் காவலைக் கேட்டவரும் ஊரார், காத்தவரும் ஊரார்.

அவ்வாண்டிலேயே பிளேஸ் ஆட்சியர் பதவியிலிருந்து நீங்கினார். கவுலை ஊரார் மறக்கவில்லை. மீண்டும் வற்புறுத்திக் கேட்டு 1858இல் புதுப்பித்துக்கொண்டனர். அதன்பின் அரசு இதனைச் சரணாலயமாக ஏற்றது. 1972இல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2022இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் வேடந்தாங்கல் இடம்பெற்றது. தீபாவளியன்று அவ்வூர்ச் சிறுவர் வெடி வெடிப்பதில்லை. பருவமழை தொடங்கி ஏரியில் நீர் ஏறும் நாள்கள் அவை. பறவைகள் அப்போதுதான் வந்து கிளைகளில் இடம் பிடித்துக்கொண்டிருக்கும்.