அண்ணல் அம்பேத்கரும் மராத்வாடாப் பல்கலைக் கழகமும்

சாத்தாராப் பள்ளிக்கு வீட்டிலிருந்தே கோணிப்பையைக் கொண்டு சென்று, அதன்மேல் தனியே அமர்ந்து படித்தவர் சிறுவன் பீமராவ். 1912-இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று பி.ஏ. பட்டம் பெற்றார். பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித் தொகை, 1913-இல் அவரை நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக் கழகத்தில் சேர்த்தது. தாயகம் திரும்பி 1918-இல் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியரானபோதோ, ஆசிரியர்களின் குடிநீர்ப் பானையை அவர் தொடுவதைச் சக பேராசிரியர்கள் சிலரே பொறுக்கவில்லை! கொலம்பியாவில் கற்றும் பானை விலகியே நின்றது. 1923-இல் இலண்டனில் டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார்.

தாம் பெற்ற கல்வி தம்மோடு நின்றுவிடலாகாது எனக் கருதிய அண்ணல், 1945 ஜூலை 8-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். மறு ஆண்டே பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி எழுந்தது. பகலில் அலுவலகம் செல்வோரும் படிக்கக் காலை வகுப்புகள் நடைபெற்றன.

அடுத்து அவர் கண் சென்றது மராத்வாடாவின்மீது. 1948 வரை நிஜாம் ஆட்சியிலிருந்த அப்பகுதி, கல்வியில் மிகவும் பின்தங்கியிருந்தது. பல்கலைக் கழகம் என்றால் தொலைவிலுள்ள ஹைதராபாத்தின் உஸ்மானியாதான். ஏழைக் கிராமத்துப் பிள்ளைக்கு அது எட்டாக்கனி. சட்ட அமைச்சராக இருந்த அண்ணல், 1950-இல் ஔரங்காபாத்தில் கல்லூரியைத் தொடங்கினார். 1951 செப்டம்பர் 1-இல் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அதன் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டினார். பௌத்தத் துறவி நாகசேனரிடம் ஐயங்கள் கேட்ட கிரேக்க மன்னன் மிலிந்தனின் பெயரைக் கல்லூரி பெற்றது. வளாகம் நாகசேனவனம் ஆயிற்று. கேள்வி கேட்பவனின் பெயரைக் கல்லூரிக்குச் சூட்டியதை நம் மாணவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.

1956 டிசம்பர் 6-இல் அண்ணல் மறைந்தார். 1958 ஆகஸ்ட் 23-இல் அதே நகரில் மராத்வாடாப் பல்கலைக் கழகம் பிறந்தது.

அதற்கு அண்ணலின் பெயரைச் சூட்டச் சட்டமன்றம் 1978 ஜூலை 27-இல் தீர்மானம் நிறைவேற்றியதும் கலவரம் மூண்டது. கல்விக்கூடத்தின் பெயருக்காகக் கிராமங்களில் நம் மக்களின் குடிசைகள் எரிந்தன, உயிர்கள் பலியாயின. தீர்மானம் கிடப்பில் போடப்பட்டது. 1979-இல் நாகபுரியிலிருந்து நீண்ட நடைப்பயணம் புறப்பட்டது. போராட்டம் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தது.

1994 சனவரி 14-இல்தான் டாக்டர் பாபாசாகிப் அம்பேத்கர் மராத்வாடாப் பல்கலைக் கழகம் என்னும் பெயர் வந்தது. பழைய பெயர் நீங்கவில்லை. முன்னே அண்ணலின் பெயர் சேர்ந்தது, அவ்வளவே. அவ்வாண்டே நாந்தேட்டில் தனிப் பல்கலைக் கழகம் அமைந்து எல்லையும் சுருங்கியது. ஔரங்காபாத், ஜால்னா, பீட், உஸ்மானாபாத் மாவட்டங்களே எஞ்சின. 1950-இல் அண்ணல் தொடங்கிய மிலிந்த் கல்லூரி, அப்பெயரைத் தாங்கிய பல்கலைக் கழகத்தின் கீழேயே வந்தது.