பஞ்சாங்கத்தைத் திருத்திய நட்சத்திரக்காரர்

நங்கநல்லூரில் எங்கள் தெருவில் அடிக்கடி நடக்கும் தர்க்கம் இது: ஏகாதசி இன்னிக்கா, நாளைக்கா? ஒரு வீட்டில் வாக்கியப் பஞ்சாங்கம், பக்கத்து வீட்டில் திருக்கணிதம். எங்கள் அப்பாவின் திதியையே ஒரு வருஷம் அண்ணன் ஒரு நாளும் நான் மறுநாளும் செய்தோம். இரண்டு மாதம் பேச்சு வார்த்தையே இல்லை. இந்தத் தகராறுக்கு நடுவே ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே நின்ற ஒரு மனிதரை, மலருக்கு ஏதாவது எழுதுங்கள் சார் என்று கேட்டதும் நினைத்துக்கொண்டேன். அவர் சிந்தாமணி ரகுநாதாசாரியார்.

பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்தவர். கும்பினியார் 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டிய வானாய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்து முதல் உதவியாளராக உயர்ந்தார். 1861-ல் போக்சன் என்ற ஆங்கிலேயர் அங்கே தலைவராக வந்தார். ராத்திரி ராத்திரியாகக் கண் விழித்து, ஒவ்வொரு நட்சத்திரமும் உச்சிக் கோட்டைத் தாண்டும் நேரத்தைக் குறிப்பதுதான் இவருடைய வேலை. பாராட்டு கிடைக்கிற வேலை இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான நட்சத்திரங்களின் இருப்பிடம் அப்படித்தான் பதிவாயிற்று.

அந்தப் பொறுமைக்கு 1867-ல் பலன் கிடைத்தது. ஆர் ரெட்டிகுலி என்ற நட்சத்திரத்தின் ஒளி கூடிக் குறைவதை அவர் கண்டுபிடித்தார். சுமார் ஒன்பது மாதத்துக்கு ஒரு முறை அது பிரகாசமாகி மங்கும். நம்ம ஊரிலிருந்து பார்த்தால் தெற்கு அடிவானத்துக்கு மேல் 14 டிகிரிதான் எழும்பும். அதைப் பிடித்தாரே, என்ன கண் பாருங்கள்! 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்துக்கு நைஜாம் சீமையின் வனபர்த்திக்கு ஒரு குழுவை அழைத்துப் போனார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரைத் தன் உறுப்பினராக்கியது.

ஆனால் என் மனசில் நிற்பது வேறு. தினம் ஒரு விநாடி பின்தங்கும் கடிகாரம் வருஷத்தில் ஆறு நிமிஷம் தப்பும். அதே மாதிரி பழைய வாய்பாடுகளில் இருந்த சிறு பிசகு நூற்றாண்டுகளில் பெரிதாகிவிட்டது. வானத்தில் தெரிவதற்குக் கணக்கு ஒத்துவர வேண்டும் என்றார் ஆசாரியார். 'திருக்' என்றால் பார்வை. திருக்கணிதம் என்ற பேரிலேயே விஷயம் இருக்கிறது. பழைய முறைக்காரர்களின் எதிர்ப்பு இருந்தும் அப்படிப் பஞ்சாங்கம் வெளியிட்டார். குடும்பத் தொழிலின் கணக்கையே திருத்துவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1874 டிசம்பர் 9-ல் சுக்கிரன் சூரியனைக் கடந்தது. அது என்ன, அதை வைத்துச் சூரியனின் தூரத்தை எப்படி அளப்பது என்று ஜனங்களுக்குப் புரிய, ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறு நூல் எழுதினார். 1880 பிப்ரவரியில் காலமானார்.

2004 ஜூன் 8 அன்று அதே காட்சி மறுபடி வந்தது. மொட்டை மாடியில் பைனாகுலர் வழியாகச் சூரிய பிம்பத்தை வெள்ளைத் தாளில் விழச் செய்து தெருப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். (பைனாகுலரில் கண்ணை வைத்து மட்டும் சூரியனைப் பார்த்துடாதீங்க, பார்வையே போய்டும்.) அண்ணனும் படியேறி வந்து, அந்தக் கறுப்புப் பொட்டை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது 2117-ல்தான். அவர் இன்னும் வாக்கியம்தான், நான் திருக்கணிதம்தான். சண்டை மட்டும் இல்லை.

இப்போது படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பெரியவர்கள் தந்த கணக்கைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு தடவை மாடிக்குப் போய் வானத்தோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆசாரியார் செய்தது அவ்வளவுதான்.