கராச்சி வழக்கு மன்றத்தில் மௌலானா மதனீ (ரஹ்)

1921-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கராச்சி நகரின் காலிக்தீனா மண்டபம் நீதிமன்றமாக மாற்றப்பட்டிருந்தது. குற்றவாளிக் கூண்டில் எழுவர் நின்றனர். மௌலானா முஹம்மது அலீ, மௌலானா ஷௌகத் அலீ ஆகிய அலீ சகோதரர்களை நாடே அறிந்திருந்தது. டாக்டர் ஸைபுத்தீன் கிச்சலூவும், சாரதா பீடத்துச் சங்கராச்சாரியாரும், பீர் குலாம் முஜத்திதும், மௌலவீ நிஸார் அஹ்மதும் உடனிருந்தனர். எழுவருள் எஞ்சிய ஒருவர் அரசியல் மேடைக்குப் புதியவர். மதீனத்துப் பள்ளியில் ஹதீஸ் போதித்தவர். வழக்கிற்கு மூலமான தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவரே. அவர்தாம் ஷைகுல் இஸ்லாம் மௌலானா ஸையித் ஹுஸைன் அஹ்மத் மதனீ (ரஹ்) அவர்கள்.

பிறப்பும் கல்வியும்

ஹிஜ்ரி 1296 ஷவ்வால் 19-இல் (6-10-1879), இன்றைய உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்துப் பாங்கர்மௌ என்னும் ஊரில் அன்னார் பிறந்தார்கள். தந்தையார் ஸையித் ஹபீபுல்லாஹ் பள்ளி ஆசிரியர். இளமையிலேயே தேவபந்த் தாருல் உலூமில் சேர்ந்து, ஷைகுல் ஹிந்த் மௌலானா மஹ்மூத் ஹஸன் (ரஹ்) அவர்களின் அன்பு மாணவரானார்கள். பின்னர் குடும்பம் முழுவதும் மதீனா முனவ்வராவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பெருமானார் (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே பல்லாண்டுகள் பாடம் நடத்தும் பேறு மௌலானாவுக்குக் கிட்டியது.

முதல் உலகப் போர் 1914-இல் மூண்டது. ஆங்கிலேயரின் கொடியின்கீழ் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கடல் கடந்து அனுப்பப்பட்டனர். 70,000-க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. ஈராக்கிலும் பாலஸ்தீனத்திலும் அவர்கள் எதிர்கொண்டது துருக்கியப் படைகளை. அப்படைகளில் இருந்த முஸ்லிம் சிப்பாய்கள், கலிமாச் சொல்லும் சகோதரனையே சுடும் நிலைக்கு ஆளாயினர். 1915 பிப்ரவரியில் சிங்கப்பூரில், தங்களைத் துருக்கியருக்கு எதிராக அனுப்பப்போகிறார்கள் என்ற வதந்தியால் மனங்கொதித்த 5-ஆவது காலாட்படையினர் கலகம் செய்தனர். ஆங்கிலேயரும் பிறருமாகப் பலர் மாண்டனர். முடிவில் 47 சிப்பாய்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். வழிகாட்ட ஆளின்றித் தவித்த மனச்சாட்சி இரத்தத்திலே போய் முடிந்தது.

மால்டாச் சிறை

1916-இல் மக்காவின் ஷரீப் ஹுஸைன் ஆங்கிலேயருடன் சேர்ந்து துருக்கியரை எதிர்த்தெழுந்தார். துருக்கியரைப் பழித்து எழுதப்பட்ட ஒரு பத்வாவில் கையொப்பமிடும்படி, ஹஜ்ஜுக்கு வந்திருந்த ஷைகுல் ஹிந்த் அவர்கள் கேட்கப்பட்டார்கள். மறுத்தார்கள், கைது செய்யப்பட்டார்கள். ஆசிரியரைத் தனியே விட்டுப் பிரிய மனமில்லாத மௌலானா மதனீயும் சிறையேகினார்கள். மத்தியதரைக் கடலிலுள்ள மால்டாத் தீவில் 1917 முதல் 1920 வரை அவ்விருவரும் தோழர்களும் கைதிகளாயிருந்தனர். அச்சிறையிலேதான் மௌலானா அவர்கள் திருக்குர்ஆன் முழுவதையும் மனனம் செய்து ஹாபிழானார்கள்.

அக்காலத்திலேயே மற்றொரு துயரும் நேர்ந்தது. மதீனாவிலிருந்த தந்தையாரைத் துருக்கிய அதிகாரிகள் அத்ரியானோப்பிள் நகருக்கு அனுப்பிவிட, அவர் அங்கேயே வபாத்தானார். துருக்கியர் கையால் தம் குடும்பத்துக்கு நேர்ந்த இத்துன்பத்தை மனத்தில் வைத்து மார்க்கத் தீர்ப்பை மாற்றிக்கொள்ளும் இயல்பு அன்னாரிடம் இருக்கவில்லை.

விடுதலையாகி 1920 ஜூன் மாதம் பம்பாய்த் துறைமுகத்தில் இறங்கினர். அவ்வாண்டு நவம்பர் 30-இல் ஷைகுல் ஹிந்த் அவர்கள் மறைந்தார்கள். ஆசிரியர் விட்டுச் சென்ற சுமை மாணவரின் தோளுக்கு வந்தது.

வரவிருந்த மற்றொரு போர்

உலகப் போர் முடிந்தும் அமைதி வரவில்லை. 1920 ஆகஸ்டில் ஸேவர்ஸ் உடன்படிக்கை துருக்கி நாட்டைக் கூறுபோட்டது. முஸ்தபா கமால் தலைமையில் அங்காராவில் அமைந்திருந்த அரசு அதனை ஏற்க மறுத்தது. ஆங்கிலேயரின் ஆதரவோடு கிரேக்கப் படைகள் அதன்மீது முன்னேறின. ஆங்கிலேய அரசே நேரடியாகப் போரில் இறங்குமோ என்ற அச்சம் 1921 கோடையில் எங்கும் பரவியது. இறங்கினால் மீண்டும் இந்தியச் சிப்பாயின் கையில்தானே துப்பாக்கி கொடுக்கப்படும்?

1921 ஜூலை 8 முதல் 10 வரை கராச்சியில் கிலாபத் மாநாடு கூடிற்று. ஆங்கிலேயரின் படையில் பணியாற்றுவதும், சேர்வதும், பிறரைச் சேர்ப்பதும் முஸ்லிமுக்கு ஹராம் என்றும், இதனைப் படையிலுள்ள முஸ்லிம்களுக்கு எடுத்துரைப்பது உலமாக்களின் கடமை என்றும் மௌலானா அவர்கள் தீர்மானம் முன்மொழிந்தார்கள். அங்காரா அரசின்மீது ஆங்கிலேயர் படையெடுத்தால், காங்கிரஸோடு இணைந்து சட்டமறுப்புத் தொடங்குவதுடன், இந்தியாவைச் சுதந்திரக் குடியரசாகவும் அறிவிப்போம் என்று மாநாடு எச்சரித்தது. போர் வெடிக்கும் முன்னரே, அரசின் காதில் விழும்படி, பகிரங்கமாகச் சொல்லப்பட்ட எச்சரிக்கை அது.

செப்டம்பரில் கைதுகள் தொடங்கின. காந்தியடிகளுடன் சென்னைக்கு வந்துகொண்டிருந்த மௌலானா முஹம்மது அலீ, வழியில் வால்டேர் நிலையத்தில் 14-ஆம் நாள் கைதானார். மௌலானா மதனீ அவர்கள் தேவபந்தில் கைதானார்கள். தனியே தமிழகம் வந்த காந்தியடிகள், திருச்சிராப்பள்ளிக் கூட்டத்தில், அலீ சகோதரர்கள் கூறியதையே தாமும் கூறுவதாக அறிவித்தார். அக்டோபர் 4-இல் அவரும் பல தலைவர்களும் கையொப்பமிட்டு அதே கருத்தை வெளியிட்டனர்.

நீதிமன்றத்தில்

மௌலானா அவர்கள் மன்னிப்புக் கோரவில்லை, சொன்னதை மறுக்கவுமில்லை. முஃமினை வேண்டுமென்றே கொல்வோனுக்கு மறுமையில் காத்திருக்கும் கடுந்தண்டனையைத் திருக்குர்ஆனிலிருந்தும் ஹதீஸ்களிலிருந்தும் எடுத்துக்காட்டினார்கள். இத்தீர்ப்பு மாநாட்டில் புதிதாகப் புனையப்பட்டதன்று. காலங்காலமாகக் கிதாபுகளில் உள்ளது. அதை அறிந்த ஆலிம் மறைத்தால் அல்லாஹ்விடம் பதில் கூறவேண்டும் என்று விளக்கினார்கள். மதத்தில் தலையிடுவதில்லை என விக்டோரியா அரசி 1858-இல் அளித்த வாக்குறுதியை நினைவூட்டி, அதனை அரசு கைவிட்டுவிட்டதாயின் வெளிப்படையாகக் கூறட்டும் என்றும் உரைத்தார்கள். அவ்வுரையைக் கேட்டு உருகிய மௌலானா முஹம்மது அலீ, அன்னாரின் பாதங்களை முத்தமிட்டதாக மதரஸாக்களில் இன்றும் சொல்லப்படுவதுண்டு.

1921 நவம்பர் 1-இல் தீர்ப்பு வந்தது. சங்கராச்சாரியார் விடுவிக்கப்பட்டார். மற்ற அறுவருக்கும் இரண்டாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

பட்டாளத்துச் சம்பளத்தையே நம்பியிருந்த ஏழைக் குடும்பங்கள் எத்தனையோ. சிப்பாய்கள் கூட்டங்கூட்டமாகப் படையை விட்டு விலகிவிடவில்லை. ஆயினும் முஸ்லிம்களின் மனக்கொதிப்பை அரசு புறக்கணிக்க இயலவில்லை. 1922 மார்ச்சில் இந்திய அரசே ஸேவர்ஸ் உடன்படிக்கையைத் திருத்தக் கோரிற்று. அதனை வெளியிட இசைந்த இந்தியா மந்திரி மாண்டேகு பதவி இழந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் சனாக் என்னுமிடத்தில் ஆங்கிலப் படையும் துருக்கியப் படையும் நேருக்கு நேர் நின்றன. கனடா முதலிய நாடுகள் உடனே உதவிக்கு வரவில்லை. ஆங்கில மக்களும் போரை விரும்பவில்லை. அக்டோபர் 11-இல் முதன்யாவில் போர்நிறுத்தம் கையெழுத்தாயிற்று. பிரதமர் லாயிட் ஜார்ஜ் அம்மாதமே பதவி விலகினார். போர் நின்றதற்குக் காரணங்கள் பல. கராச்சிக் கூண்டிலிருந்து எழுந்த குரலும் அவற்றோடு சேர்ந்த ஒன்று.

1927 முதல் இறுதிவரை தேவபந்தில் தலைமை ஆசிரியராக ஹதீஸ் போதித்தார்கள். 1942-இல் மீண்டும் சிறை சென்று 1944-இல் வெளிவந்தார்கள். 1954-இல் இந்திய அரசு அளித்த பத்ம பூஷண் விருதை ஏற்காமல் விடுத்தார்கள். 1957 டிசம்பர் 5-இல் தேவபந்தில் வபாத்தானார்கள்.

நாம் பெறும் படிப்பினை

சிங்கப்பூரில் வதந்தி பேசிற்று, உயிர்கள் போயின. கராச்சியில் கல்வி பேசிற்று, எவரும் சாகவில்லை. பேசியவரே தண்டனையை ஏற்றுக்கொண்டார். ஆட்சியாளர் அநீதியான போரை நாடும்போது, முதல் குண்டு வெடிக்கும் முன்பே, மறைவின்றி, எவருக்கும் தீங்கின்றி அதனை எடுத்துரைப்பது அறிந்தோர் கடமை. ஊதியம் பெறும் கை என்பதற்காக, அக்கை செய்யும் கொலைக்கு மறுமையில் கணக்கு இல்லாமற் போவதில்லை. குற்றமற்ற ஓர் உயிரைப் பறிப்பது மனித குலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பாகும் என்பது நம் வேதத்தின் போதனை. இதனை நம் இல்லங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்ப்போமாக.

மௌலானா அவர்களின் மண்ணறையை வல்ல அல்லாஹ் ஒளிமயமாக்குவானாக! சத்தியத்தை உரிய காலத்தில் உரைக்கும் துணிவை நமக்கும் அருள்வானாக! ஆமீன்.