பாறைக்குள் ஒரு நாழிகை வட்டில்

நியூசிலாந்தின் நெல்சன் நகரை அடுத்த சிற்றூர் ஒன்றில் 1871ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் எர்னெஸ்ட் ரூதர்ஃபோர்டு பிறந்தார். அவர் பிறந்த காலத்தில், உலகின் மறுகோடியான இங்கிலாந்தில், பூமியின் வயதைப் பற்றிய பெரும் வழக்கொன்று நடந்துகொண்டிருந்தது. மலை தேய்ந்து மணலாகவும், மணல் இறுகிப் பாறையாகவும் ஊழிக்கணக்கில் காலம் வேண்டும் என்றனர் நிலவியலார். உயிரினங்கள் சிறுகச் சிறுக மாறி வந்தன என்று காட்டிய டார்வினுக்கும் அந்த நெடுங்காலமே அடித்தளம். ஆனால் அக்கால இயற்பியலின் தலைமகனாக விளங்கிய வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு எனப் பெயர் பெற்றவர், 1862இல் அதற்கு ஓர் எல்லை வகுத்தார். உருகிய கோளமாகத் தொடங்கிய பூமி இன்றைய அளவுக்குக் குளிர்வதற்கு ஆகும் காலம் 2 கோடி ஆண்டுகளுக்கும் 40 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்டது என்பது அவர் கணக்கு. அந்த எண் தந்த கவலை தீராமலேயே டார்வின் 1882இல் மறைந்தார். 1897இல் கெல்வின் தம் எல்லையை 2 கோடி முதல் 4 கோடி வரை என மேலும் குறுக்கிவிட்டார்.

இவ்வழக்கைத் தீர்க்க வந்தவர் நிலவியல் பயின்றவரல்லர். ரூதர்ஃபோர்டின் தந்தை ஜேம்ஸ் வண்டிச் சக்கரம் செய்யும் தச்சர். பின்னர் நார் ஆலை நடத்தியவர். தாய் மார்த்தா பள்ளி ஆசிரியையாக இருந்தவர். பன்னிரு மக்களுள் எர்னெஸ்ட் நான்காமவர். 1886இல் உடன்பிறந்தார் இருவரைக் கடல் கொண்டது. துயரும் உழைப்பும் நிறைந்த அவ்வீட்டிலிருந்து உதவித்தொகைகளின் துணையால் படிப்படியாக அவர் கல்லூரி ஏறினார். 1895இல் இங்கிலாந்து செல்லும் உதவித்தொகை முதலில் வேறொருவருக்கே வழங்கப்பட்டது. அவர் வேண்டாமென்று விட்டதனால் ரூதர்ஃபோர்டுக்குக் கிட்டியது.

கேம்பிரிட்ஜின் காவெண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஜே.ஜே. தாம்சனிடம் அவர் மாணவரானார். அணுவினும் சிறிய எலெக்ட்ரானை ஆசிரியர் 1897இல் கண்டறிந்தபோது மாணவர் அருகிலேயே இருந்தார். பிளக்கவொண்ணாதது என நெடுங்காலம் கருதப்பட்ட அணுவுக்குள்ளும் பொருள் உண்டு என்பது அவ்வாண்டில் தெளிவாயிற்று. மறு ஆண்டே ரூதர்ஃபோர்டு கனடாவின் மான்ட்ரீல் நகரிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். யுரேனியத்திலிருந்து வெளிப்படும் கதிர்கள் இருவகைப்படும் எனக் கண்டு, அவற்றுக்கு ஆல்பா, பீட்டா எனப் பெயரிட்டவர் அவரே.

அங்கே இளம் வேதியியலாளர் ஃபிரெடெரிக் சாடி அவருடன் சேர்ந்தார். தோரியத்திலிருந்து கசியும் ஒரு வளியை இருவரும் ஆராய்ந்தனர். அதன் வீரியம் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பாதியாயிற்று. அடுத்த நிமிடத்தில் எஞ்சியதில் பாதியாயிற்று. சூடேற்றினும் குளிர்வித்தாலும் அந்த வேகம் மாறவில்லை. ஒரு தனிமம் தானாகவே சிதைந்து மற்றொரு தனிமமாகிறது என்ற முடிவை 1902இல் அவர்கள் வெளியிட்டனர். இரசவாதிகளின் பழங்கனவை ஒத்திருந்த அம்முடிவை அறிஞர் பலர் ஐயத்துடனேயே நோக்கினர். எந்த அணு எப்போது சிதையும் என்று எவராலும் கூற இயலாது. ஆனால் கோடானுகோடி அணுக்கள் கூடியிருக்குமிடத்தில் அவற்றுள் பாதி சிதையும் காலம் மாறாதது. இதுவே அரை ஆயுட்காலம். தனித்தனியே நிச்சயமற்றவை, கூட்டாகச் சேரும்போது வழுவாத ஒழுங்குடையனவாகின்றன.

இவ்வொழுங்கில் ரூதர்ஃபோர்டு ஒரு கடிகாரத்தைக் கண்டார். பாறை இறுகும்போது அதனுள் சிறைப்பட்ட யுரேனியம் அன்று முதல் சிதைந்துகொண்டே இருக்கிறது. சிதைவில் வெளிப்படும் ஆல்பா துகள்கள் ஹீலியம் வளியாக அப்பாறைக்குள்ளேயே தேங்குகின்றன என்று அவர் கருதினார். அங்ஙனமாயின் தேங்கிய ஹீலியத்தை அளந்து, அது சேரும் வேகத்தால் வகுத்தால், பாறையின் வயது கிட்டும். சொட்டும் நீரைக்கொண்டு பொழுதறிந்த முன்னோரின் நாழிகை வட்டில் போன்றதே இது. வட்டில் கல்லுக்குள் இருந்தது என்பதே வேறுபாடு. முதற் கணக்கில் ஃபெர்குசனைட் என்னும் கனிமத்துக்கு 4 கோடி ஆண்டு என்றே விடை வந்தது. சிதைவின் வேகத்தைத் திருத்தமாக அறிந்த பின்னர் அது ஏறத்தாழ 50 கோடி ஆயிற்று. ஹீலியத்தில் ஒரு பகுதி கசிந்து போயிருக்கும். ஆகவே இது குறைந்த அளவேயன்றி முடிந்த அளவன்று என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். மெக்கிலின் நிலவியல் பேராசிரியர் ஆடம்ஸைச் சந்தித்தபோது பூமியின் வயதென்ன என அவர் வினவினாராம். 10 கோடி ஆண்டு என விடை வந்ததும், தம் கையிலிருந்த கருநிறக் கல்லுக்கே 70 கோடி ஆண்டு ஆகிறதே என்று கூறி நடந்தாராம்.

1904இல் இலண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ரூதர்ஃபோர்டு இப்பொருள் பற்றி உரையாற்றினார். அரையிருள் சூழ்ந்த அவையில் கெல்வின் பிரபு அமர்ந்திருந்தார். அவருக்கு 80 வயது நெருங்கியிருந்தது, உரையாற்றியவருக்கோ 32. ரேடியம் இடைவிடாது வெப்பத்தை உமிழ்கிறது என்பதை முந்திய ஆண்டு பியர் கியூரியும் லபோர்டும் காட்டியிருந்தனர். அவ்வெப்பம் பூமிக்குள்ளும் சுரக்கிறதெனின் கெல்வினின் கணக்கு நில்லாது. முதியவர் உறங்கிவிட்டதைக் கண்டு ரூதர்ஃபோர்டு ஆறுதல் கொண்டார். ஆனால் பூமியின் வயதைத் தொடும் கட்டம் வந்ததும் கெல்வின் நிமிர்ந்தமர்ந்து ஒரு கண்ணைத் திறந்து நோக்கினார். அக்கணத்தில் ரூதர்ஃபோர்டுக்கு ஒரு நினைவு உதித்தது. புதிய வெப்ப மூலம் ஏதும் கண்டறியப்படாத வரையில் என்ற நிபந்தனையுடனேயே கெல்வின் தம் எல்லையை வகுத்திருந்தார். அந்த நிபந்தனையையே முன்னறிவிப்பாக எடுத்துக்காட்டி, அன்றிரவு பேசப்படும் பொருளை அன்றே உணர்ந்தவர் அவர் எனப் புகழ்ந்தார். முதியவரின் முகம் மலர்ந்தது. எனினும் அணுவின் சிதைவை அவர் வெளிப்பட ஒப்புக்கொள்ளாமலேயே 1907இல் மறைந்தார்.

மரியாதைக்காகக் கூறப்பட்ட அந்தக் காரணம் முழுதும் சரியானதன்று என்பது நினைக்கத்தக்கது. கதிரியக்க வெப்பத்தைச் சேர்த்துக் கொண்டாலும் கெல்வினின் எண் பெரிதும் மாறாது என்பதே இன்றைய அறிவு. பூமியின் உட்பகுதி, குளிரும் இரும்புக் குண்டைப் போல் அசையாதிருப்பதன்று; மெல்ல மெல்லப் புரண்டு, ஆழத்து வெப்பத்தை மேலே கொணர்வது. உள்ளிருந்து வெப்பம் எளிதில் கடத்தப்படுமாயின் வயது பன்மடங்காகும் என்பதைக் கெல்வினிடம் முன்னர் உதவியாளராயிருந்த ஜான் பெரி 1895லேயே எடுத்துக்காட்டினார், கேட்பார் அதிகமில்லை. கெல்வினை வென்றது ரேடியத்தின் வெப்பம் அன்று, பாறைக்குள்ளிருந்த கடிகாரமே.

அக்கடிகாரத்தை நம்பலாமா என்ற வினாவுக்கு விடை மான்செஸ்டரில் கிடைத்தது. 1907இல் அங்குச் சென்ற ரூதர்ஃபோர்டு, மறு ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார். ஆல்பா துகள் ஹீலியமே என்பதைத் தாமஸ் ராய்ட்ஸுடன் சேர்ந்து ஐயமற நிறுவினார். 1909இல் கைகரும் மார்ஸ்டனும் மெல்லிய உலோகத் தகடுகள் மீது ஆல்பா துகள்களைச் செலுத்தினர். பெரும்பாலானவை ஊடுருவிச் சென்றன. சில ஆயிரங்களில் ஒன்று வந்த வழியே திரும்பியது. அந்த ஒன்றைப் பிழையென ஒதுக்காது ஏறத்தாழ ஈராண்டு சிந்தித்த ரூதர்ஃபோர்டு, அணுவின் நிறை யாவும் நடுவே மிகச் சிறிய கருவொன்றில் திரண்டிருக்கிறது என 1911இல் அறிவித்தார். தீயும் அழுத்தமும் வேதி வினையும் அணுவின் புறத்தேயுள்ள எலெக்ட்ரான்களையே தீண்டுகின்றன. சிதைவு நிகழும் கருவோ அவற்றுக்கு எட்டாத ஆழத்தில் இருக்கிறது. மலை எழுந்தாலும் கடல் பின்வாங்கினாலும் பாறையின் கடிகாரம் பிசகாமைக்குக் காரணம் இதுவே.

இதற்கிடையில் அமெரிக்க வேதியியலாளர் போல்ட்வுட், ரூதர்ஃபோர்டின் கருத்தைத் தொடர்ந்து, கசிந்துபோகும் ஹீலியத்தை விடுத்து யுரேனியத்தின் இறுதி விளைவான ஈயத்தை அளந்தார். 1907இல் அவர் வெளியிட்ட வயதுகள் 41 கோடி முதல் 220 கோடி ஆண்டு வரை அமைந்தன. அவற்றுள் மிகப் பெரிய எண் இலங்கையின் சப்ரகமுவா மாகாணத்துத் தோரியனைட் கல்லுக்கு உரியது. தோரியமும் ஈயமாகவே முடியும் என்பது அந்நாளில் தெளிவாகாமையால் அவ்வெண் மிகையாயிற்று. ஆயினும் வழி சரியானது. இலண்டனில் மாணவராயிருந்த ஆர்தர் ஹோம்ஸ் 1911இல் அவ்வழியே சென்று, டெவோனியன் காலப் பாறைக்கு 37 கோடி ஆண்டு எனக் கணித்தார். முன்னது, பின்னது என்ற வரிசை மட்டுமே கொண்டிருந்த நிலவியல் ஏடுகளில் அதன் பின்னர் ஆண்டுக்கணக்கு ஏறலாயிற்று.

முதல் உலகப்போர் அவருடைய ஆய்வுக்கூடத்தைக் காலியாக்கியது. மாணவருள் தலைசிறந்தவரான மோஸ்லி 1915இல் கலிப்பொலிப் போர்க்களத்தில் 27 வயதில் மாண்டார். நீர்மூழ்கிகளைக் கண்டறியும் போர்ப்பணிக்கிடையே ரூதர்ஃபோர்டு தம் ஆய்வைத் தொடர்ந்தார். ஆல்பா துகள் மோதும்போது நைட்ரஜன் கருவிலிருந்து ஹைட்ரஜன் கரு வெளிப்படுவதைக் கண்டு 1919இல் வெளியிட்டார். அத்துகளுக்குப் புரோட்டான் எனப் பெயரிட்டார். மின்னேற்றமில்லாத துகளொன்றும் இருத்தல் வேண்டும் என 1920இல் அவர் கூறியது, 1932இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டபோது மெய்யாயிற்று.

1919 முதல் தம் ஆசிரியர் வகித்த காவெண்டிஷ் தலைமையை அவரே வகித்தார். பிறர் கண்டுபிடிப்புகளில் தம் பெயரைச் சேர்த்துக்கொள்ளாத ஆசிரியர் எனப் பெயரெடுத்தார். 1930 டிசம்பரில் அவருடைய ஒரே மகள் ஐலீன் மகப்பேற்றை அடுத்து இறந்தார். 1931 தொடக்கத்தில் வந்த பிரபுப் பட்டத்தில் மகிழ்வதற்கு மனமின்றி இருந்தார். 1933இல் செருமனியிலிருந்து விரட்டப்பட்ட அறிஞர்களுக்குப் புகலிடம் தேடித்தரும் அமைப்பின் தலைமையை உடல் அயர்ந்த நிலையிலும் ஏற்றார்.

பூமியின் வயதை அவர் மறந்தாரல்லர். 1929இல் இறுதியாக ஒரு கணக்கை வெளியிட்டார். யுரேனியத்தின் இருவகை அணுக்களும் தொடக்கத்தில் சம அளவில் இருந்தனவெனக் கொண்டால், விரைந்து சிதையும் வகை இன்றைய அளவுக்குக் குறைவதற்கு 340 கோடி ஆண்டு ஆகும் என்றார். அதையே பூமியின் வயதுக்கு மேல் எல்லையாக வகுத்தார். கெல்வினின் எல்லையை உடைத்தவரும் ஓர் எல்லை வகுத்தார், அதுவும் உடைந்தது. 1956இல் அமெரிக்கரான பாட்டர்சன், விண்கற்களின் ஈயத்தைக்கொண்டு 455 கோடி ஆண்டு எனக் கணித்தார். இன்றளவும் பெரிதும் மாறாது நிற்பது அவ்வெண்ணே. ஆயினும் பாட்டர்சன் படித்த கடிகாரம் ரூதர்ஃபோர்டு கண்டதுதான்.

1938 சனவரியில் கல்கத்தாவில் கூடவிருந்த இந்திய அறிவியல் மாநாட்டின் வெள்ளி விழாவுக்கு ரூதர்ஃபோர்டே தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். குடலிறக்க நோயால் 1937 அக்டோபர் 19ஆம் நாள் அவர் கேம்பிரிட்ஜில் காலமானார். மாநாட்டுக்கு ஜேம்ஸ் ஜீன்ஸ் தலைமை ஏற்றார். ரூதர்ஃபோர்டு வாழ்ந்தது 66 ஆண்டு. அவர் கையில் ஏந்திய யுரேனியத்தின் அரை ஆயுட்காலமோ ஏறத்தாழ 447 கோடி ஆண்டு. பூமி பிறந்தபோது அதனிடமிருந்த அந்த யுரேனியத்தில் பாதி இன்னும் சிதையாமல் எஞ்சியிருக்கிறது. அவருடைய சாம்பல் இலண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் நியூட்டனின் கல்லறை அருகே வைக்கப்பட்டது. கெல்வின் பிரபுவும் அங்கேதான் துயில்கிறார்.