குடிசையில் குடியிருந்த கணக்காளர்

மதுரையிலிருந்து திருமங்கலம் வழியாக இராஜபாளையம் செல்லும் சாலையில் இருக்கிறது டி. கல்லுப்பட்டி. 1940-இல் அங்கு தொடங்கப்பட்ட காந்தி நிகேதன் ஆசிரமத்தில், ஓர் எளிய குடிசையில் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார் ஒரு பெரியவர். இலண்டனில் கணக்கியலும் நியூயார்க்கில் பொருளாதாரமும் பயின்றவர் அவர். பெயர் ஜே. சி. குமரப்பா.

1892 ஜனவரி 4-ஆம் நாள் தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். ஜோசப் செல்லத்துரை கொர்னேலியுஸ் என்பது அவரது பழைய பெயர். பம்பாயில் கணக்காளராக நல்ல வருமானம் ஈட்டினார். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோது, இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்ற கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. அதற்கு விடை தேடி எழுதிய ஆய்வுடன் 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்தார். காந்தியடிகள் அவரைக் குஜராத்தின் மாத்தர் வட்டத்துக்கு அனுப்பினார். கிராமம் கிராமமாகச் சென்று குடும்பங்களின் வரவு செலவைக் கணக்கெடுத்தார் குமரப்பா. ஏட்டில் கண்ட வறுமையை அங்கு நேரில் கண்டார்.

1934 ஜனவரியில் பீகாரை நிலநடுக்கம் உலுக்கியது. வீடிழந்தோருக்காக நாடெங்கும் திரட்டப்பட்ட நிதியின் கணக்கு அவர் பொறுப்பில் வந்தது. துயர் துடைப்புப் பணிக்காகக் காந்தியடிகளும் உடன் வந்தவர்களும் அங்கு தங்கியபோது, அவர்களது செலவை அந்த நிதியிலிருந்து தர இயலாது என்று மறுத்துவிட்டார். அது வீடிழந்தவரின் பணம் என்பதே அவர் நிலை. காந்தியடிகளும் அதை ஏற்றுக்கொண்டார்.

அதே ஆண்டின் இறுதியில் தொடங்கப்பட்ட அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தின் செயலரானார். வார்தாவில் எண்ணெய்ச் செக்கு, கைக் காகிதம், தேனீ வளர்ப்பு என்று பணி விரிந்தது. மண்ணெண்ணெய்க்குப் பதிலாக ஊரில் கிடைக்கும் தாவர எண்ணெயில் எரியும் விளக்கையும் உருவாக்கினார். கழிவை உரமாக்கி நிலத்துக்குத் திருப்பும் முறையைக் கற்பித்தார். கிராம வளர்ச்சிக்கு அவர் வகுத்த திட்டத்தில் வீட்டுவசதி தனியே நிற்கவில்லை. துப்புரவு, உடல்நலம் ஆகியவற்றோடு சேர்ந்தே நின்றது.

அன்பர்களே, இங்குதான் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். திருமங்கலத்தை அடுத்த மேலக்கோட்டையில்தான் 1998-இல் தமிழகத்தின் முதல் சமத்துவபுரம் திறக்கப்பட்டது. பிரதமரின் ஊரக வீட்டுவசதித் திட்டம் 2016-இல் தொடங்கியபோது சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1.20 இலட்சம் ரூபாய் என்று வகுக்கப்பட்டது. 2024-இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் அது 3.50 இலட்சம். 2030-க்குள் 8 இலட்சம் வீடுகள் என்பது அதன் இலக்கு. இவை தேவையான முயற்சிகளே. ஆனால் சுவரும் கூரையும் எழுந்துவிட்டால் வீடு நிறைவடைந்துவிடுமா? குடிநீருக்குக் குடத்தோடு நெடுந்தூரம் நடக்கும் பெண்ணுக்கும், தண்ணீர் இல்லாததால் கழிப்பறையைப் பூட்டி வைத்திருக்கும் குடும்பத்துக்கும், மழைக்காலத்தில் சேற்றைத் தாண்டிப் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கும் அது பாதி வீடுதான். பிழைக்க ஊரில் வேலையில்லை என்றால், கட்டிய வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்கோ கோவைக்கோ போக வேண்டியதுதான்.

விடுதலைப் போராட்டத்தில் பலமுறை சிறை சென்ற குமரப்பா, சிறையில் இருந்தபோது இயேசுவின் வாழ்வையும் போதனையையும் பற்றி ஒரு நூல் எழுதினார். விசுவாசம் அன்றாட உழைப்பில் தெரிய வேண்டும் என்பது அவர் வாழ்ந்து காட்டிய பாடம். கல்லுப்பட்டிக் குடிசையில் காந்தியடிகளின் படத்தோடு ஓர் ஏழைக் கிராமவாசியின் படத்தையும் வைத்திருந்தார். காந்தி தமக்குத் தலைவர் என்றும், அந்த ஏழை தம் தலைவருக்கும் தலைவர் என்றும் சொல்வாராம்.

1960 ஜனவரி 30, காந்தியடிகளின் நினைவு நாளிலேயே, அவர் சென்னையில் இறைவனடி சேர்ந்தார்.

நம் ஊரில் புதிய வீடுகளுக்கு அடிக்கல் நாட்டும்போது, எத்தனை வீடு என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். தண்ணீர் எங்கிருந்து வரும்? சாக்கடை எங்கே போகும்? விளக்கு எரியுமா? வேலை கிடைக்குமா? இவற்றையும் கேட்போம். ஏழையின் பணத்துக்குக் காந்தியடிகளிடமே கணக்குக் கேட்டவர் வாழ்ந்த மண் இது.