கடல் கடந்து வந்த குதிரை: மக்கள் கலைஞர் ஜெய்சங்கர்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோவிலுக்கு வருவோர், அங்குள்ள கற்குதிரையின் முன் சற்றே நின்றுதான் செல்வர். திருப்பெருந்துறை என்னும் பழம்பெயர் கொண்ட எங்கள் ஊரின் வரலாறே குதிரையோடு பிணைந்தது. அரிமர்த்தன பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொருளோடு வந்த அமைச்சர் மாணிக்கவாசகர், அப்பொருளைக் கோவில் திருப்பணிக்குச் செலவிட்டார் என்பது வழிவழியாக வழங்கும் கதை. அக்காலத்தில் அரபு வணிகர் மரக்கலங்களில் ஏற்றி வந்து பாண்டிநாட்டுத் துறைகளில் இறக்கிய அருஞ்செல்வம் குதிரை. அயலிலிருந்து வந்த அவ்விலங்கு, சிற்பியின் உளியில் கல்லாயிற்று. குயவரின் கையில் மண்ணாகி, ஊர் எல்லையில் ஐயனாரின் ஊர்தியுமாயிற்று. இன்று அதனை அயல்நாட்டது என்பார் எவருமிலர்.

இருபதாம் நூற்றாண்டில் மற்றொரு குதிரை கடல் கடந்து வந்தது. அது வெள்ளித்திரையில் வந்த குதிரை. அதன்மேல் தொப்பியும் துப்பாக்கியுமாக அமர்ந்து தமிழ் மக்களின் உள்ளங்கவர்ந்தவர் ஜெய்சங்கர். அவர்தம் வாழ்வை மாணவர் அறிதல் நலம்.

இளமையும் கல்வியும்

சங்கர் என்னும் இயற்பெயருடைய இவர் 12.7.1938 அன்று பிறந்தார். சென்னையில் கல்வி பயின்று, புதுக்கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டம் பயிலத் தொடங்கினாரெனினும், கலையார்வம் அவரை மேடைக்கு ஈர்த்தது. சோ அவர்களின் விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் குழுவில் சிறு வேடங்கள் ஏற்றார். கூத்தபிரானின் நாடகக் குழுவிலும் நடித்துப் பயிற்சி பெற்றார்.

இயக்குநர் ஜோசப் தளியத் இவரைத் திரைக்கு அறிமுகம் செய்தார். அவரே சங்கரை ஜெய்சங்கர் ஆக்கினார். முதற்படமான ‘இரவும் பகலும்’ 1965ஆம் ஆண்டு பொங்கலன்று வெளிவந்தது. அதே நாளில் எம்.ஜி.ஆரின் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யும் சிவாஜி கணேசனின் ‘பழநி’யும் வெளிவந்தன. இரு பேராலமரங்களின் நிழலில் முளைக்கும் செடி வாடிப்போவதே இயல்பு. இச்செடியோ வாடவில்லை. அவ்வாண்டிலேயே ‘பஞ்சவர்ணக்கிளி’, ‘குழந்தையும் தெய்வமும்’ ஆகிய படங்களும் வெளிவந்து இவர் பெயரை நிலைநிறுத்தின.

மேலை நாட்டுக் குதிரை

அமெரிக்காவின் மேற்குப் பகுதி வாழ்வைக் களமாகக் கொண்ட ‘வெஸ்டர்ன்’ படங்களின் வரலாறு நெடியது. 1903இல் எட்வின் போர்ட்டர் எடுத்த ‘தி கிரேட் டிரெய்ன் ராபரி’ அவ்வகையின் தொடக்கப் படங்களுள் ஒன்று. 1939இல் ஜான் ஃபோர்டு இயக்கிய ‘ஸ்டேஜ்கோச்’ அதற்குக் காவியத் தகுதி தந்தது. 1952இல் வெளிவந்த ‘ஹை நூன்’, ஊரார் அனைவரும் கைவிட்ட நிலையிலும் கடமையைக் கைவிடாத ஒரு காவல் அதிகாரியைக் காட்டியது. 1964இல் இத்தாலியரான செர்ஜியோ லியோனி, ஜப்பானியரான குரோசாவாவின் ‘யோஜிம்போ’ கதையைத் தழுவி, ஸ்பெயின் நாட்டு மண்ணில் ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ படத்தை எடுத்தார். அமெரிக்காவின் தொல்குடி மக்களைப் பகைவராகவே காட்டிய பெருங்குறை அப்படங்கள் பலவற்றுக்கு உண்டு என்பதையும் மறத்தலாகாது.

இன்னுமொன்றும் ஈண்டு எண்ணத்தக்கது. ஐரோப்பியர் சென்றபோது அமெரிக்க மண்ணில் குதிரை இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பானியர் கப்பலில் கொண்டு இறக்கிய விலங்கே அங்குப் பின்னாளில் கௌபாயின் துணையாயிற்று. ஆகவே கடல் கடந்து வருதல் குதிரைக்கு எங்கும் உள்ள இயல்பே எனலாம்.

தமிழ்க் குதிரை

தமிழில் இவ்வகைப் படங்களுக்கு வழிவகுத்தோருள் தலையாயவர், ‘கற்பகம்’ முதலிய படங்களின் ஒளிப்பதிவாளரான கர்ணன். அவர் இயக்குநராகி எடுத்த ‘காலம் வெல்லும்’ (1970), ‘ஜக்கம்மா’ (1972), ‘கங்கா’ (1972) ஆகியவற்றில் ஜெய்சங்கரே நாயகர். 1975இல் வந்த ‘எங்க பாட்டன் சொத்து’ படத்தில் சிவகுமாரும் உடன் நடித்தார். தெலுங்கில் கிருஷ்ணா நடித்த ‘மோசகாள்ளகு மோசகாடு’ 1971இலும், இந்தியில் ‘ஷோலே’ 1975இலும் வெளிவந்தன என்பதை நோக்கின், தமிழர் இத்துறையில் பின்தங்கியிருக்கவில்லை என்பது விளங்கும்.

வெறும் போலி என்று இப்படங்களை ஒதுக்கினோர் உண்டு. உடை அயலது என்பது மெய். ஆயின் உள்ளே இருந்தது என்ன? ‘காலம் வெல்லும்’ படத்தில் காண்பது, நிலக்கிழாரின் கொடுமையால் ஆயுதம் ஏந்தும் உழவனை. ‘ஜக்கம்மா’ என்பதோ, குடுகுடுப்பைக்காரர் நல்வாக்குச் சொல்ல அழைக்கும் தெய்வத்தின் பெயர். பகலெல்லாம் வயலில் உழைத்து, இரவில் டூரிங் கொட்டகையின் மணல் தரையில் அமர்ந்து படம் பார்த்த உழவர்க்கு, தொப்பி அணிந்த அந்நாயகன் அயலானாகத் தோன்றவில்லை. தாம் கேட்க இயலாத கேள்வியைத் தமக்காகக் கேட்பவனாகவே தோன்றினான்.

உழைப்பின் நாயகர்

சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரித்த ‘வல்லவன் ஒருவன்’ (1966), ‘சி.ஐ.டி. சங்கர்’ (1970) ஆகிய துப்பறியும் படங்கள் இவருக்குத் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் என்னும் பெயரை ஈட்டித் தந்தன. வெள்ளிக்கிழமைதோறும் இவர் படம் வரும் என்னுமளவுக்கு ஓயாது நடித்தமையால் வெள்ளிக்கிழமை நாயகர் என்றும் அழைக்கப்பெற்றார். அப்பெயரில் சற்றே நகைச்சுவை உண்டு. ஆயினும் அதனுள் ஒரு பேருண்மையும் உண்டு. பெருஞ்செலவில் படம் எடுக்க இயலாத சிறு தயாரிப்பாளர் பலர் இவரை நம்பித் தொழிலில் இறங்கினர். ஒரு படம் எடுக்கப்படின் ஒளியமைப்பாளர், தச்சர், தையற்கலைஞர், சண்டைக் கலைஞர், குதிரைப் பராமரிப்பாளர் எனப் பல குடும்பங்களில் அடுப்பு எரியும். மக்கள் கலைஞர் என்னும் பட்டம் இவர்க்குப் பொருந்துவது இதனாலேயே.

காலம் மாறியது, புதிய நாயகர் தோன்றினர். 1980இல் ஏவி.எம்.மின் ‘முரட்டுக்காளை’ படத்தில், இளையவரான ரஜினிகாந்துக்கு எதிராக வில்லன் வேடம் ஏற்றார் ஜெய்சங்கர். பதினைந்து ஆண்டுகள் நாயகராக நின்றவர் இறங்கி வருதல் எளிதன்று. அவரோ அதனை இறக்கமாகக் கருதாது, கிடைத்த பணியைச் செவ்வனே செய்தார். பின்னர்க் குணச்சித்திர வேடங்களிலும் நெடுங்காலம் நடித்தார். ஆதரவற்றோர் இல்லங்களுக்கு உதவுவதையும் வழக்கமாகக் கொண்டிருந்தார். 3.6.2000 அன்று சென்னையில் மறைந்தார்.

வெஸ்டர்ன் படங்களுள் பலவற்றின் இறுதிக்காட்சி ஒன்றே. ஊரின் இடரைத் தீர்த்த வீரன், அவ்வூரை ஆளவோ, பரிசு பெறவோ நில்லாது, தன் குதிரையில் ஏறித் தொலைவில் மறைவான். திரைப்புகழை அரசியல் அரியணைக்குப் படியாக்குதல் இயல்பாயிருந்த தமிழகத்தில், ஜெய்சங்கர் தம் தொழிலைத் தொழிலாகவே செய்து விடைபெற்றார். அவ்வகையில் அவர் ஏற்ற வேடமும் வாழ்ந்த வாழ்வும் ஒன்றாயின.

ஆவுடையார்கோவிலின் கற்குதிரையைச் செதுக்கிய சிற்பியின் பெயர் ஊரார் நாவில் இல்லை, குதிரை நிற்கிறது. எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த பொருளை எவ்வளவு உழைப்போடு நமதாக்கினோம் என்பதே கலையில் நிலைப்பது. அவ்வுழைப்பின் வரிசையில் ஜெய்சங்கருக்கும் ஓர் இடம் உண்டு.